அண்ணன் பக்கத்துக் கூரை

இது கட்டுக்கதை இல்லை. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் என் மனைவி பல்மோவுக்குக் காய்ச்சல் இல்லை. அந்தச் சத்தத்தை அவளும் கேட்டாள்.

இமயமலை மேலே, லாஹுலில் பதினோரு வீடுள்ள ஊர் எங்களுடையது. அப்பா கட்டிய வீட்டை நானும் அண்ணன் தோப்தனும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். உருளைக்கிழங்கு வயலில் வந்த சண்டை. நாலு வருடமாகப் பேச்சில்லை. அண்ணன் தனிக்கட்டை. தட்டையான மண் கூரை மட்டும் இன்னும் ஒன்றாகவே இருந்தது. பனி விழுந்தால் அவரவர் பாதியை அவரவர் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் விட்டம் முறியும்.

அந்தப் பிப்ரவரியில் வானத்துக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. திங்கட்கிழமை நல்ல வெயில். நான் எழ முடியாமல் கிடந்தேன். பல்மோவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்.

மாலை ஆறு பத்துக்கு நடுச்சுவரில் தட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்.

"உங்க அண்ணன் கூப்பிடுறாருங்க."

"தட்டட்டும். வேணும்னா வாசல் வழியா வரட்டும்."

வரவில்லை.

இரவெல்லாம் பனி கொட்டியது. செவ்வாய் மதியம் இரண்டு இருபதுக்கு மேலே சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... மரப்பலகையால் பனி தள்ளும் சத்தம்.

"தன் பாதியை மட்டும் தள்றாரு பாரு" என்றேன்.

பல்மோ அண்ணாந்து பார்த்தாள். "நம்ம தலைக்கு மேலதானே கேக்குது?"

"காய்ச்சல் எனக்கா, உனக்கா?"

புதன் வெயில். கூரை ஓரங்கள் சொட்டின. வியாழன் மழை. பனிமேல் மழை விழுந்தால் பாரம் இரட்டிப்பு. காலை பதினொன்றே முக்காலுக்கு ஊர் நடுவில் தடாரென்று ஒரு சத்தம்... யாருடைய கூரையோ உட்கார்ந்துவிட்டது.

பல்மோ பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். "நான் ஏறித் தள்றேன்."

"பச்ச உடம்போடயா? பேசாம இரு."

எழப் பார்த்தேன். கால் மடங்கியது.

அப்போது மறுபடியும்... சர்ர்ர்... சர்ர்ர்... வேக வேகமாக. காலடிச் சத்தம் இல்லை. பலகை மட்டும்.

பிள்ளை வீறிட்டது. எனக்கு ஆத்திரம். சுவரைப் பார்த்துக் கத்தினேன். "மெதுவா தள்ளு! பிள்ள தூங்க வேணாமா?"

சத்தம் நின்றது.

பிறகு... மெதுவாக... மிக மெதுவாக... சர்ர்...

வெள்ளிக்கிழமை புதுப்பனி. காலை ஏழுக்கு அதே சத்தம்.

சனி வெயில். காய்ச்சல் விட்டிருந்தது. பலகையோடு ஏணியில் ஏறினேன்.

என் பாதி சுத்தமாக இருந்தது. மண் தெரிந்தது.

அண்ணன் பாதியில் இடுப்பளவு பனி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அவர் புகைபோக்கியில் புகை இல்லை.

இறங்கி ஓடினேன். கதவை உடைத்தேன்.

"அண்ணே..."

நடுச்சுவர் ஓரம் கிடந்தார். விறைத்துப்போய். ஒரு கை சுவர்மேல்.

கீழூர் மருத்துவர் வந்து பார்த்தார். "மாரடைப்பு. திங்கட்கிழமை சாயங்காலமே போயிருப்பார்" என்றார்.

பனி விழத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

சிதை எரியும்போது பக்கத்து வீட்டுச் சிமெத் என் காதருகே வந்தான்.

"அங்ரூப்... வியாழக்கிழமை மழையில உங்கண்ணன் உன் பக்கத்துக் கூரையில நின்னாருப்பா. 'உங்க பாதி சரியப்போகுது, அத மொதல்ல பாருங்க'ன்னு கீழயிருந்து கத்தினேன். திரும்பவே இல்ல. ஒண்ணே ஒண்ணு சொன்னாரு."

"என்ன?"

"'பிள்ள இருக்கிற வீடு மொதல்ல'ன்னாரு."

பிள்ளை பிறந்த செய்தியைக்கூட அண்ணனுக்கு நான் சொல்லவே இல்லை.