திரும்பத் திரும்ப வந்த ஜெபக் குறிப்பு

அலுவலகத்தில் அவனுக்கு ஆமென் என்று பெயர். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் கண்ணை மூடி உதட்டை அசைப்பான். முடிவில் அந்த ஒரு சொல் மட்டும் பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடும். பதினாறு வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். யாராவது கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டான், இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பான். சர்வர் படுத்துக்கொண்ட நாளில் ஒரு ஜெபம் பண்ணச் சொல்லி யாரேனும் இழுத்தால், ஜெபம் காலையிலேயே முடிந்தது, இப்போது சர்வர் பதிவைப் பார்ப்போம் என்பான். அந்தக் காலை ஜெபமும் ஒரு தினுசுதான். ஆண்டவரே, என் புரோகிராமில் பிழை இருந்தால் இன்றே காட்டியருளும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் காட்டாதேயும். அவன் மனைவி கணக்கு டீச்சர். கடவுளுக்கே ஆபீஸ் நேரம் போட்டுக் கொடுத்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்பாள்.

அவர்கள் போகும் சபையில் வாசலருகே ஒரு மரப்பெட்டி இருந்தது. வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை ஜெபிக்கும். போதகருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 'என் மாமியார் சுகமாக' என்று ஒரு பெண் கிறுக்கியிருந்ததை அவர் 'என் மாமியார் சுமையாக' என்று கணீரென்று வாசித்துவைக்க, அந்த மருமகள் ஒரு மாதம் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஆமென் தானாக முன்வந்தான். போனிலேயே குறிப்பை அனுப்பலாம், சனிக்கிழமை பட்டியல் பெரிய எழுத்தில் அச்சாகிப் போதகர் கைக்கு வந்துவிடும் என்றான். இரண்டு வாரத்தில் செய்தும் கொடுத்தான்.

முதல் பட்டியலில் ஒரே குறிப்பு மூன்று முறை, நான்கு முறை வந்திருந்தது. குறிப்பு போச்சா இல்லையா என்று தெரியாமல் ஆட்கள் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தியிருந்தார்கள். அவன் ஒரு விதியைச் சேர்த்தான்: ஒரே ஆளிடமிருந்து அதே வார்த்தைகள் திரும்ப வந்தால் பட்டியலில் சேர்க்காதே. டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தான். ஒரே நாளில் திரும்ப வந்தாலா, ஒரு வருடம் கழித்து வந்தாலுமா என்று அவன் யோசிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உட்காருவார். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். அப்பாவை அடக்கம் செய்த அன்று தம்பியிடம் ஏதோ வார்த்தையை விட்டுவிட்டார். என்ன வார்த்தை என்று யாரிடமும் சொன்னதில்லை. அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். பதினோரு வருடமாக அவர் பெட்டியில் போட்டது ஒரே சீட்டுதான்: 'என் தம்பி என்னோடு பேச வேண்டும்.' அவருக்குப் போனைப் பழக்கிக் கொடுத்தவனும் ஆமென்தான். தடித்த விரல் எழுத்தில் உட்காரவில்லை என்று அந்த வரியைப் போனிலேயே சேமித்துவைத்து, வாரா வாரம் தொட்டால் போதும் என்று காட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, டிரைவர் அண்ணனுடைய குறிப்பு கடவுளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை.

ஒரு வருடம் ஓடிற்று. கடைசி பெஞ்சு எப்போது காலியானது என்று அவனுக்குத் தெரியாது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள், அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

அந்தச் சமயத்தில் அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்காக ஒரு குறிப்பு அனுப்பினான்: 'என் வேலை நிலைக்க வேண்டும்.' போதகர் வாசித்தார், சபை ஜெபித்தது, மனசு கொஞ்சம் லேசானது. அடுத்த வாரமும் அதையே அனுப்பினான். போதகர் ஒரு சிறுமியின் காணாமல் போன பூனைக்காகக்கூட உருக்கமாக ஜெபித்தார். அவனுடைய குறிப்பு வரவில்லை. ஆராதனை முடியும்வரை காத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்த்தான். பூனைக்கு இருக்கிற மதிப்புகூட நமக்கு இல்லை, ஒரு வாரத்திலேயே போதகர் ஐயாவுக்குச் சலித்துவிட்டது போலிருக்கிறது என்றான்.

"அது நீங்க எழுதின புரோகிராம்தானே," என்றாள் மனைவி. "ஐயாவத் திட்டறதுக்கு முன்னாடி அதத் திறந்து பாருங்க."

திறந்து பார்த்தான். அவன் விதி அவன் குறிப்பையே தள்ளிவைத்திருந்தது. சிரிப்புக்கூட வந்தது. பிறகு, வேறு எதையெல்லாம் தள்ளியிருக்கிறது என்று பார்த்தான். நாற்பத்து மூன்று குறிப்புகள். அதில் முப்பது ஒரே போனிலிருந்து வந்தவை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை ஆறு மணி சுமாருக்கு, என் தம்பி என்னோடு பேச வேண்டும், என் தம்பி என்னோடு பேச வேண்டும் என்று கீழே கீழே வந்துகொண்டே இருந்தது. முப்பதாவதோடு நின்றுபோயிருந்தது. தான் ஒரு ஞாயிறு பட்டதை அந்த மனிதர் முப்பது ஞாயிறு உட்கார்ந்து பட்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த விதியை உடனே அழித்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனான். மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. டிரைவர் மகள் வீட்டுக்கெல்லாம் போகவில்லை, அங்கேயேதான் இருந்தார். அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சபைக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன் தம்பி. பதினோரு வருஷமா ஒண்ணையே கேட்டா யாருக்குத்தான் அலுக்காது?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணே."

"என்னன்னு கேக்கறது? ஏன் எனக்காக ஜெபம் பண்ணலன்னா?"

அவர் எழுந்துபோய் அலமாரி இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகை. மேல்விலாசம் தம்பியின் கையெழுத்து. ஜெபத்தை நிறுத்திய இரண்டாம் வாரம் தபாலில் வந்ததாம். சபையே ஜெபத்தை விட்டுவிட்டதை ஆண்டவரே வேண்டாமென்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, அதற்குமேல் போய் நிற்பது சரியில்லை என்று அவர் போகவில்லை. கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இப்போது அவர் போன் செய்தால் தம்பி எடுப்பதில்லை.

ஆமென் அந்த உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். 

அடுத்த ஞாயிறு, வேண்டாம் என்று போதகர் தடுத்தும் கேட்காமல் சபை முன் எழுந்து நின்றான். தான் எழுதிய விதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நாலைந்து பேர் சிரித்தார்கள். வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொல்லப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, மீதியையும் சொன்னான்.

அதே மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறித் தம்பியின் ஊருக்குப் போனார்கள். தப்பு என்னுடையது, நானே வந்து சொல்கிறேன் என்று அவன்தான் வற்புறுத்தினான். மூன்று மணி நேரப் பயணம். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கணவர் வீட்டில் இல்லை, எப்போது வருவார் என்று தெரியாது என்றாள். வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, சற்றுமுன் கழற்றியதுபோல ஈரமாக இருந்தது. இருவருமே பார்த்தார்கள். ஆமென் நடந்ததை எல்லாம் அவளிடம், உள்ளே இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னான். அவள் தலையசைத்தாள். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிரைவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். 

"என்னாலதான் அண்ணே எல்லாம் கெட்டுப்போச்சு."

"கெடுத்தவன் நான். அன்னிக்கு வாய விட்டது நான்தானே," என்றார். பிறகு, "தண்ணி குடுத்தாங்கல்ல. முன்னாடி ஒருதடவ வந்தப்ப கதவே தெறக்கல," என்றார்.

இது நடந்து இரண்டாவது வருடம். தம்பி இன்னும் பேசவில்லை. ஆமெனின் வேலை தப்பியது, அதற்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால் நடுவில் வார்த்தை நின்றுவிடுகிறது. டிரைவர் மறுபடி சபைக்கு வருகிறார், ஆனால் குறிப்பு அனுப்புவதில்லை. கேட்டால், மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன் தம்பி, அது போதும் என்கிறார். சனிக்கிழமை தோறும் பட்டியல் அச்சாகும்போது ஆமென் அதை ஒருமுறை வரிவரியாகப் படிக்கிறான். அந்த வரி வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறான்.