ஒரு கிண்ணம் குறைந்தது

என் மனைவியோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். கிளினிக்கில் நர்ஸ். எங்கள் சர்ச் சபையில் எல்லோருக்கும் அவள் 'பிரஷர் அக்கா'. ஆராதனை முடிந்தால் வாசலிலேயே ஆளைப் பிடித்து உட்காரவைத்துப் பிரஷர் பார்ப்பாள். மாத்திரையை விட்டவர்கள் தொலைந்தார்கள்.

திருவிருந்தில் அப்பத்தோடு கொடுக்க, ஆளுக்கொன்றாகச் சின்னக் கிண்ணங்களைக் கழுவி, திராட்சரசம் ஊற்றி வைப்பதும் அவள்தான். ஆனால் போதகர் அப்பத்தைக் கையில் எடுத்ததும், பின்னறையில் குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது தங்கை எட்டிப் பார்க்கவில்லையாம். அதே சபையில் நாலு பெஞ்சு தள்ளி உட்காருகிற அந்தத் தங்கையோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. மனதில் பகையை வைத்துக்கொண்டு கர்த்தருடைய பந்தியில் கை நனைக்கக் கூடாதாம். வேதத்தில் அந்தப் பாதி நன்றாகத் தெரியும். முதலில் போய் ஒப்புரவாகு என்கிற மீதிப் பாதியை நான் சொன்னால், அன்றைக்குக் குழம்பில் உப்பிருக்காது.

போன வாரம் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாளே என்று கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். தலைசுற்றல் என்று கொழுந்தியாள் வந்து உட்கார்ந்திருந்தாள். வேறு நர்ஸ் இல்லை. என் மனைவி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவள் கையில் பட்டையைச் சுற்றினாள். பிரஷர் எங்கேயோ ஏறி நின்றது. மாத்திரை போடுகிறாயா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிட்டதாகத் தங்கை சொன்னாள். அவ்வளவுதான், ஊருக்கெல்லாம் விழுகிற திட்டு அவளுக்கும் விழுந்தது.

"நல்லா இருக்கேன்னு நீயே முடிவு பண்ணிக்குவியா? உள்ளுக்குள்ள என்ன கெட்டுப்போச்சுன்னு உனக்கென்ன தெரியும்?"

தங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நான் மாத்திரையத்தான் விட்டேன். நீ பந்தியையே விட்டுட்டியே, அக்கா. அம்மாவ அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. தப்புதான். மன்னிச்சிடு."

"பேசாத, பிரஷர் ஏறும்" என்றாள் என் மனைவி. ஆனால் பட்டையைக் கழற்றிய பிறகும் அந்தக் கையை விடவில்லை. நான் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குழாய் சொட்டவில்லை. தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிண்ணத் தட்டு அவளிடம் வந்தபோது அதில் கிண்ணம் இல்லை. வழக்கம்போலத் தன்னை விட்டுவிட்டு ஊற்றி வைத்திருக்கிறாள், மகராசி! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தங்கை தன் கிண்ணத்தில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அக்காவின் கையில் வைத்தாள். அவள் குடித்தாள்.