வெள்ளை முடி யார் வீட்டுச் சொத்து

அவனுக்கு நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி, பிறந்ததிலிருந்தே பால்வெள்ளை. முழங்கால்களில் வெளுத்த திட்டுகள். அவனுடைய அப்பாவுக்கும் அப்படித்தான். தோலிலும் முடியிலும் அங்கங்கே நிறம் ஊறாது, பரம்பரையாக வரும், வேறு தொந்தரவு கிடையாது என்று டாக்டர் சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மீசை அரும்பும் முன்பே மகன் தலையில் சாயம் ஏறிவிட்டது. சம்பந்தம் பேசப் போனபோது, இறந்துபோன அப்பாவின் படம்கூடக் கறுத்த முடியோடுதான் போயிற்று. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த மகனே திருத்திக் கொடுத்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பூசிவந்தான். மனைவி எதுவும் கேட்டதில்லை. எவ்வளவு வெகுளி என்று உள்ளூரப் பெருமைப்பட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியை விலக்கினால், பஞ்சு ஒட்டினாற்போல் முன்தலையில் வெள்ளை முடி. பிரசவ வார்டே எட்டிப் பார்த்தது. தங்கள் வம்சத்திலேயே இப்படிக் கிடையாது, பெண் வீட்டார்தான் எதையோ மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அம்மா ஆரம்பித்தாள். பாவம், சம்பந்தியம்மாள் தன் பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பா தலைகளையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்துக் கலங்கினாள். அவன் குனிந்து கட்டிலுக்கடியில் எதையோ தேடினான்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "தலையணை உறை துவைக்கிறது நான்தான் அத்தை. கல்யாணமானதுலேர்ந்து தண்ணி கறுப்பாத்தான் போகுது."

பக்கத்துக் கட்டில்காரி இருமுவதுபோல் சிரித்தாள்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று பிறகு தனியாகக் கேட்டான்.

"அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அன்றோடு சாயத்தை விட்டான். வெள்ளை வளர வளர, கைக்குழந்தை படுத்துகிற பாட்டில் மனுஷன் நரைத்துவிட்டான் என்று ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். விளக்கி விளக்கி வாய் ஓய்ந்து, ஆமாம் என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கினான். குழந்தை யார் ஜாடை என்று பேச்செடுத்தால் இப்போது அம்மாதான் முந்திக்கொள்வாள்: "முடியைப் பாத்தாலே தெரியலையா? எங்க வீட்டு ரத்தம்."

மகளைப் பள்ளியில் சேர்த்த முதல் வாரமே, பிள்ளைக்குக் கலர் அடித்து அனுப்பக்கூடாது என்று டீச்சர் சொல்லியனுப்பினார். வழியெல்லாம் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். டீச்சர் அவன் தலையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்பா கொடுத்த கலரா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.