துவாதசி காலையில் எடுத்த இரத்தம்

போன ஆடி மாதம் என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் கணவருக்குப் பொருத்தினார்கள். ஐப்பசியிலேயே அவர் உடம்பு அதை வேண்டாம் என்று தள்ளத் தொடங்கிவிட்டது.

பயாப்ஸி செய்து பார்த்தார்கள். நிராகரிப்பு என்றார்கள். தொடர்ந்து ஊசி போட்டதும் கிரியாட்டினின் இறங்கியது; இரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தை பிறந்ததும் திரும்ப ஏறியது. அடுத்து இன்னும் கடுமையான மருந்துதான் என்றார் பெரிய டாக்டர். "அது போட்டா சின்ன சளிகூட அவருக்கு ஆபத்து. ஸ்கூல் போற குழந்தை வீட்ல இருக்கா? கொஞ்ச நாள் வேற எங்கயாவது விட முடியுமா?"

எங்கள் பெண்ணுக்கு நான்கு வயது. மண்ணச்சநல்லூரில் என் அம்மா வீட்டில் விடலாம் என்று பேசிவைத்தோம். பேசினோமே தவிர, அவள் துணிகளை எடுத்துவைக்க எனக்குக் கை வரவில்லை.

வேண்டிக்கொண்டேன், பலித்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது பலித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பெருமாளை நம்புகிறவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் மறைப்பானேன்?

அந்த மாதங்களில் நான் என்னையே குடைந்துகொண்டிருந்தேன். தண்ணீரைச் சரியாகக் கொதிக்க வைத்தேனா? உப்பு அதிகமா? தயிர் புளித்திருந்ததா? எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி: என் சிறுநீரகமே சரியில்லையோ? பம்பாயிலிருந்து நாத்தனார் போன் செய்து அதையும் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஒன்ன குத்தம் சொல்லலை. ஆனா ரத்த சம்பந்தம்னா ஒடம்பு ஒத்துண்டிருக்கும். எங்கம்மாவோடத எடுத்திருக்கலாம்."

"அம்மாவுக்கு சுகர், பி.பி. எல்லாம் இருக்கு. வேண்டாம்னு டாக்டர்தான் சொன்னார். நீங்க வந்து குடுத்திருக்கலாமே?"

போனை வைத்த பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

ஸ்ரீரங்கத்தில் வீடு. தாயார் சந்நிதிக்கு நடக்கிற தூரம். தை மாதக் கடைசியில் அங்கே நின்று நான் வேண்டிக்கொண்டது பக்தியான வேண்டுதல் இல்லை. "குணப்படுத்து என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. யாரிடம் தப்பு என்று மட்டும் காட்டு. என்னிடம் என்றால் அதையும் சொல்லிவிடு" என்றேன். தாயாரிடம் இப்படியா பேசுவது என்று வாசல் தாண்டியதும் வருத்தமாக இருந்தது.

பதில் வரவில்லை. தொல்லைதான் வந்தது.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு எப்போது, எதனால் நிராகரிக்கிறது என்று எங்களுக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி செய்கிறார்கள். எங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை மாத்திரை போடுவதற்கு முன் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். அதில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அளவு சரியாகவே இருந்தது. மருந்து சரி, சாப்பாடு சரி, பிறகு ஏன் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாசி மாதத் திங்களன்று போனால், கருவி பழுது, வியாழன் வாருங்கள் என்றார்கள். வியாழன் துவாதசி. ஏகாதசி உபவாசம் இருந்த மாமியாருக்குக் காலையிலேயே அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடியோடு தளிகை முடித்தாக வேண்டும். பெண்ணுக்கு அன்று ஸ்கூலில் மாறுவேடப் போட்டி. ஆண்டாள் கொண்டைக்குப் பூகூட வாங்கிவைத்திருந்தேன். கவுண்டரில் நின்று கத்தினேன். "உங்க ஆராய்ச்சிக்கு நாங்கதான் கெடச்சோமா?" கவுண்டரில் இருந்த பெண் வியாழனுக்கு வேறு டோக்கன் கொடுத்தாள். ஆண்டாள் இல்லாமலே போட்டி நடந்தது.

வியாழன் காலை இரத்தம் கொடுத்தோம். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆராய்ச்சியைக் கவனிக்கும் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ரிப்போர்ட்டையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இரத்தத்துல மருந்து கிட்டத்தட்ட இல்லவே இல்ல. புதன்கிழமை மாத்திரை போட்டீங்களா?"

"வேளா வேளைக்குப் போடறேன்" என்றார் அவர்.

"வாந்தி, பேதி ஏதாவது? அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். "புதன்கிழமை ஏகாதசி டாக்டர். பாலும் பழமும்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பாலும் பழமும். சரி. மாத்திரை?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏன்னா, சொல்லுங்கோ."

"பாலும் பழமும்கூட இல்லை" என்றார். "ஆபரேஷன் அன்னிக்கு வேண்டிண்டேன். நீ நல்லபடியா கண் முழிக்கணும்னு. ஏகாதசின்னா நாக்குல ஒரு சொட்டு படாம இருக்கேன்னு. மாத்திரை போட்டா தண்ணி குடிக்கணுமே."

மாத்திரை டப்பாவை அவரேதான் நிரப்புவார். நான் கேட்டால், "நான் என்ன கொழந்தையா?" என்று சிடுசிடுப்பார். அதனால் கேட்பதை நிறுத்தியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் முழுக்க மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறார். திங்கட்கிழமைகளில் எடுத்த இரத்தத்தில் அது ஒருமுறைகூட அகப்படவில்லை.

"எனக்காகவா?" என்று கேட்டேன். குரல் வெளியே வராண்டா வரை கேட்டிருக்கும். "எனக்காக வேண்டிண்டு, நான் குடுத்த கிட்னியையே பட்டினி போட்டேளா?"

டாக்டர் என் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். "அக்கா, உங்க கிட்னில எந்தக் குறையும் இல்ல. ரத்த சம்பந்தம் இல்லாததாலன்னும் சொல்ல முடியாது. இது வெளி உறுப்புன்னு உடம்பு என்னைக்குமே மறக்காது. மருந்துதான் அதை அடக்கி வைக்குது. அளவு இப்படி ஏறி இறங்கினா முரண்டு பிடிக்கும். நாங்க ஆராய்ச்சியில தேடறதே இதைத்தான்."

அழுதேன். நிம்மதியா, கோபமா என்று இப்போதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அசடே! நானே ஏகாதசிக்கு பி.பி. மாத்திரை போட்டுண்டுதான் உக்காந்திருக்கேன். எனக்கு மேல ஆசாரமோ ஒனக்கு? மாத்திரையை நிறுத்துன்னு பெருமாள் ஒன்கிட்ட வந்து கேட்டாரா?"

"கேக்கலைம்மா."

"அப்பறம்? அவர் கேக்காததையெல்லாம் குடுத்துண்டு!"

அந்தக் கடுமையான மருந்து தேவைப்படவில்லை. பழைய ஊசியையே இன்னொரு முறை போட்டு, மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தார்கள். பங்குனியில் கிரியாட்டினின் இறங்கி ஓரிடத்தில் நின்றது. ஆபரேஷன் முடிந்த புதிதில் இருந்த அளவுக்கு அது திரும்பவில்லை. போனது போனதுதான் என்கிறார்கள். எல்லாம் பூரணமாகக் குணமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சிறுநீரகம் வேலை செய்கிறது. பெண் எங்களோடுதான் இருக்கிறாள்.

யாரிடம் தப்பு என்று காட்டு என்றுதானே கேட்டேன்? காட்டிவிட்டாள் தாயார். அதற்கு ஒரு கருவி பழுதாக வேண்டியிருந்தது, நான் கவுண்டரில் நின்று கத்த வேண்டியிருந்தது. திங்களன்றே இரத்தம் எடுத்திருந்தால் அதுவும் சரியாகத்தான் வந்திருக்கும். அவர் அந்த மருந்துக்குப் போயிருப்பார். இதை முன்னமே, சுலபமாகக் காட்டியிருக்கக் கூடாதா என்று தாயாரிடமே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, நன்றியும் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் நான் வேண்டிக்கொள்வது இப்படித்தான். பயத்தை அழகாக மடித்து எடுத்துக்கொண்டு போவதில்லை.

கணவர் சந்நிதியில் நின்று விரதத்தை மாற்றிக்கொண்டார். இப்போது ஏகாதசி என்றால் பால், பழம், மாத்திரை. அந்த டாக்டரும் தன்னிடம் வருகிற எல்லோரையும் ஒன்று கேட்கிறாள்: விரத நாளில் மாத்திரை போடுகிறீர்களா? போன முறை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் ஒருவர், நோன்புக் காலத்தில் தான் என்ன செய்கிறார் என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "நானும் அதேதான் பண்ணேன் பாய்" என்று ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருக்கலாம். கோபமாக இருந்தாலும் சந்நிதிக்குப் போய்க் கேளுங்கள், தாயார் கேட்டுக்கொள்கிறாள். பதில் நீங்கள் நினைத்த கிழமையில் வராவிட்டாலும் நம்புங்கள். வீட்டுக்கு வந்ததும், மாத்திரை போட்டாயிற்றா என்று கேளுங்கள். சிடுசிடுத்தாலும் விடாதீர்கள்.