நின்றவருக்கு ஒரு நாற்காலி

உதட்டில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார் சோபாக்காரர். ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி, காந்தமுள்ள சுத்தியல் முனையில் ஒட்டவைத்து, துணியை இழுத்துப் பிடித்து அடிப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் பேச்சில் பாதி புரியாது. "ஆணி இல்லாம பேசினாத்தான் எனக்குப் புரியாது" என்பார் மனைவி.

உட்காரும் விதத்தை வைத்தே ஆளை எடைபோடுகிறவர் அவர். நுனியில் உட்கார்ந்தால் அவசரக்காரன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் பொறுமைசாலி. ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போன இடத்திலும் இந்த சாஸ்திரத்தை அவிழ்த்துவிட்டார்.

அதற்குக் காரணம் சகலை. அவருக்கும் இதே நோய். சில மாதம் முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியில் ரோபோ வைத்து முடித்துக்கொண்டவர். "டாக்டர் ஒரு ஓரமா உட்கார்ந்து கையை அசைக்கிறாரு சகலை, ரோபோ உள்ள வேலை பார்க்குது!" என்று, ரோபோ என்னவோ தன் சொந்த மாப்பிள்ளை மாதிரிப் பெருமையடித்தார். மயக்கத்தில் கிடந்தவர் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சோபாக்காரருக்கு வாய்த்த டாக்டரம்மாவோ, அதே மாதிரிச் சின்ன ஓட்டைகள் வழியாக, நீளமான கருவிகளைத் தன் கையாலேயே பிடித்துச் செய்கிறவர்.

"அப்போ நின்னுகிட்டேவா செய்வீங்க? கால் வலிச்சா அவசரம் வந்துடும்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரோபோல தையல் போடறது கொஞ்சம் சுலபம். சிலருக்குச் சிறுநீர் சீக்கிரமா கட்டுப்படும். போகப் போக ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். எனக்குப் பழகின வழி இது. அவசரப்பட மாட்டேன்."

தையல் என்றதும் சோபாக்காரர் இளகிவிட்டார். தலையாட்டினார்.

அறுவை சிகிச்சை முடிந்தது, புற்றுநோய் போனது. சிறுநீர்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சகலைக்குச் சில வாரங்களிலேயே எல்லாம் சரியாகியிருந்தது. "இப்போ தும்மினாக்கூட ஒண்ணுமில்ல" என்று போனில் தும்மியே காட்டினார் அந்தப் புண்ணியவான். இவருக்கு மாதங்கள் ஓடியும், நாற்காலியிலிருந்து எழுந்தாலே உள்ளே வைத்த துணி நனைந்தது.

அவர் பிழைப்பே உட்கார்ந்து பார்ப்பதில் இருக்கிறது. தைத்து முடித்த சோபாவில் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து, எந்த ஸ்பிரிங் முரண்டுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் வெளியே விடுவார். இப்போது கையால் அமுக்கிப் பார்த்து அனுப்பியதில் இரண்டு சோபாக்கள் நடுவில் பள்ளம் என்று திரும்பி வந்தன. கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

"உயிரு தங்குச்சே, அதைப் பாருங்க" என்றார் மனைவி.

"தங்கிடுச்சு. உட்காரத்தான் விட மாட்டேங்குது."

சொல்லிக்கொடுத்த பயிற்சியை மட்டும் அவர் விடவில்லை. துணி வெட்டும்போதும் வாடிக்கையாளரோடு பேசும்போதும் யாருக்கும் தெரியாமல் அடிவயிற்றுக்குக் கீழே இறுக்கி இறுக்கித் தளர்த்திக்கொண்டிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. ஆனாலும் அடுத்தவர் துணியில் உட்காரத் துணிச்சல் வரவில்லை.

அப்படியொரு நாள் பரிசோதனைக்குப் போனபோதுதான் நர்ஸ் அந்த விஷயத்தைச் சொன்னார். அவருடைய அறுவை சிகிச்சை அன்று டாக்டரம்மா மணிக்கணக்காக நின்றிருந்தாராம். முடிந்ததும் வெளியே வந்து, நடைபாதைச் சுவரில் சாய்ந்து வெறும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "எனக்காக நின்னுட்டு, தரையில உட்கார்ந்திருக்காங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார் சோபாக்காரர். வேண்டாம், வேண்டாம் என்ற டாக்டரம்மாவை விடாமல் நச்சரித்து, ஒரு நாற்காலி செய்யச் சம்மதம் வாங்கினார். முதுகுக்கு வளைவு, கழுத்துக்குத் தாங்கல், கைக்கு மெத்தை என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். துணி டாக்டரம்மா கேட்ட வெளிர் நிறம். ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுக்கும்.

போன வாரம் டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீங்க உட்கார்ந்து பார்த்துட்டீங்களா?" என்றார்.

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தையல் மிஷினை நிறுத்தினார்.

"உட்காருங்க. நல்லா சாஞ்சு" என்றார் டாக்டரம்மா.

உட்கார்ந்தார்.

"இருமுங்க."

இருமினார்.

"இது இருமலா? பலமா!"

மிஷின் அதிர்கிற மாதிரி இருமினார். பிறகு மெதுவாக எழுந்து, உட்கார்ந்த இடத்தை உள்ளங்கையால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். இன்னொரு முறை தடவினார். நாற்காலியை இரண்டு கையாலும் திருப்பி, நின்றுகொண்டிருந்த டாக்டரம்மாவின் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.