பொன்ராஜும் படித்துச் சொல்லும் போனும்

பொன்ராஜ் கையெழுத்துப் போடுவார். சற்றே சாய்த்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி சேர்த்து அவர் போடுவதைப் பார்க்கிறவர்கள், மனிதருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவர் வரையப் பழகிய ஒரு படம். அதைத் தாண்டி ஒரு வரி எழுதவோ படிக்கவோ அவரால் முடியாது.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர் இல்லை, ஆறாம் வகுப்பு வரை போனார். மற்ற பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கும் பாடத்தில் அவர் கண்ணுக்கு எழுத்துகள் நின்ற இடத்தில் நிற்காது. நேற்று தெரிந்த எழுத்து இன்று புதிதாக இருக்கும். வாத்தியார் பிரம்பால் அடித்துப் பார்த்தார். அப்படியும் படிப்பு வராததால் கடைசி வரிசையில் உட்காரவைத்து மறந்துபோனார். ஒருநாள் அப்பாவோடு ஆற்றுக்கு இறால் பிடிக்கப் போன பொன்ராஜ் மறுபடி பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் படிந்து இறால் குறைந்தபோது, குப்பத்து ஆண்களில் பாதிப்பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டுகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். பொன்ராஜும் போனார். மூட்டை தூக்கப் போனவர், சாப்பாட்டு வேளையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏறி ஓட்டிப் பழகி, ஒரு காண்டிராக்டரின் தயவால் அந்த வண்டிக்கே ஆளானார். சரக்கைக் கவ்வித் தூக்கி அடுக்கும் அந்த மஞ்சள் வண்டியின் இருக்கையில் உட்காரும்போது மட்டும், தான் எதையோ சாதித்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

யார்டில் எங்கு பார்த்தாலும் எழுத்து. எச்சரிக்கைப் பலகைகளை நிறத்தையும் படத்தையும் வைத்து மனப்பாடம் செய்துகொண்டார். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் "கண்ணாடி எட்தாரல, நீயே பட்ச்சி சொல்லு" என்பார். வருடாவருடம் பாதுகாப்புப் பரீட்சை என்று ஒன்று வைப்பார்கள். அதே ஷிஃப்டில் வேலை செய்த லியாகத் அலி பக்கத்தில் உட்கார்ந்து, தன் தாளோடு சேர்த்து இவர் தாளிலும் டிக் போட்டுவிடுவார். லியாகத்துக்கும் மனைவி குணசுந்தரிக்கும் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

ஒரே மகள் பவானி. ஐந்தாறு வயதில் கதை கேட்டால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை. பள்ளியில் சேர்த்த பிறகு, புத்தகத்தைத் திறந்தாலே அதன் முகம் வெளிறிப்போனது. மகள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்க ஆரம்பித்தால் பொன்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தத் திணறல் அவருக்குத் தெரிந்த திணறல்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் அவரால் வெளியே போக முடியவில்லை. வெளியே மழை. ஒரே வரியை அவள் நாலாவது தடவையாகத் தப்பாகப் படித்தபோது ஓங்கி அறைந்துவிட்டார். அறைந்த கை மறுபடி உயர்ந்தது. குணசுந்தரி அடுப்பை விட்டு வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"நீ அடிக்கிறியா அவள? நீயா?"

பவானிக்கு அது புரியவில்லை. பொன்ராஜ் மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அரசுப் பள்ளிகளுக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநர் ரேச்சல்தான் பவானியைக் கண்டுபிடித்தது. சின்னச் சின்னச் சோதனைகள் வைத்துப் பார்த்துவிட்டு, தாய் தகப்பன் இருவரையும் பள்ளிக்கு வரச்சொன்னார்.

"பவானிக்கு மூளையில ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா கெட்டிக்காரி. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குற அந்த ஒரு வேலைதான் அவளுக்கு வேற மாதிரி நடக்குது. டிஸ்லெக்ஸியான்னு சொல்லுவோம். அடிச்சாலோ திட்டினாலோ அது மாறாது."

பொன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பல குடும்பத்துல வழிவழியா வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது படிக்கிறதுல இந்த மாதிரி கஷ்டம் இருந்திருக்கா?"

"இல்ல மேடம்," என்றார் பொன்ராஜ் உடனே. "எங்க வூட்ல யாருக்கும் அப்டி கெடியாது."

குணசுந்தரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ரேச்சல் பொன்ராஜின் போனை வாங்கி அதில் ஒரு செயலியை இறக்கினார். சமூக அறிவியல் புத்தகத்தை விரித்து, பக்கத்தைப் படம் பிடித்து, காதுக்கருவியைப் பவானியிடம் கொடுத்தார். போன் அந்தப் பக்கத்தைப் படித்தது. படிக்கிற வரி திரையில் மஞ்சளாக நகர்ந்தது. பவானி முதலில் சிரித்தாள். பக்கம் முடிவதற்குள் அழுதுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பொன்ராஜின் போன் மகளுடையதானது. அவர் தனக்கு ஒரு பழைய பட்டன் போன் தேடிக்கொண்டார். வீட்டில் காலையும் மாலையும் அந்த இயந்திரக் குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், சில சொற்களைக் கடித்துத் துப்பிக்கொண்டு, சலிப்பே இல்லாமல் படித்தது. கணக்கில் வரும் குறியீடுகள் அதற்குப் பிடிபடவில்லை. ஆசிரியர் கையால் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளைப் பார்த்தால் உளறியது. ஆனாலும் பவானிக்குப் பாடங்கள் உள்ளே போயின. இரண்டு முறை கேட்டால் போதும், மீன் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் முழுப்பாடத்தையும் சொல்லுவாள்.

பொன்ராஜ் சந்தோஷப்படுவார் என்று குணசுந்தரி எதிர்பார்த்தாள். அவர் நாளுக்கு நாள் வாடிப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பவானி ஒரு பாடத்தை அப்படியே சொல்லி முடித்ததும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவினார்.

"இன்னாய்யா, பொண்ணு எவ்ளோ சோக்கா சொல்றா. உனுக்கு இன்னா வந்துச்சி?"

"அப்போ நானும் மக்கு இல்ல, அப்டித்தான?"

குணசுந்தரி அவர் சாப்பிட்ட தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"இத்தினி வருசமா நான் மக்குன்னே நெனச்சிகினு இருந்தேன். கண்ணாடி கண்ணாடின்னு ஊரெல்லாம் பொய் சொல்லிகினு. பொண்ணயும் போட்டு அட்ச்சேன்." அவர் குரல் உயரவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பொதுத்தேர்வில் பவானி சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதற்கும், கூடுதல் நேரத்துக்கும் மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புத் தொடங்கியதும் அரசு மருத்துவமனைக்கு மகளோடு பொன்ராஜே போனார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அங்கிருந்த டாக்டர் அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். பவானி "இல்ல" என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எனுக்கு கீது மேடம்," என்றார் பொன்ராஜ். "எனுக்கும் படிக்க வராது."

பவானி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். வானம் இடியவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது பவானி கேட்டாள்: "நைனா, ஏன் சொல்லவேல்ல?"

"இன்னான்னு சொல்றது கண்ணு," என்றார் அவர். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தில் இறுக்கம் குறைந்திருந்தது. சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று அன்று அவர் நம்பினார். அதுதான் வினையாக முடிந்தது.

அந்த வருடம் யார்டில் பாதுகாப்புப் பரீட்சையை மாற்றிவிட்டார்கள். தாள் கிடையாது. ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் போய், சேஃப்டி ஆபீசர் முன்னால் உட்கார்ந்து, டேப் என்கிற கைக்கணினியில் வரும் கேள்விகளுக்கு விரலால் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். லியாகத் அலி கவலையோடு வந்தார்.

"மாமு, ஒடம்பு சரியில்லன்னு லீவ போடு. அப்பறமா எதுனா வழி பண்லாம்."

"வாணாம் லியாகத். நான் கேட்டுப் பாக்கறேன். எம் பொண்ணுக்கு கவுருமெண்ட்டே சலுக குட்த்துகீது. இந்த டேப்பும் பட்ச்சி சொல்லும், நான் பாத்துகீறேன்."

தன் முறை வந்ததும் பொன்ராஜ் உள்ளே போய் ஆபீசரிடம் நேராகச் சொன்னார். தனக்கு எழுத்து பிடிபடாது, பிறவியிலேயே அப்படி, கேள்வியை டேப் படித்துச் சொன்னால் பதில் தொட்டுவிடுவேன் என்று. ஆபீசர் சின்ன வயதுக்காரர். கெட்டவரும் இல்லை. கொஞ்ச நேரம் டேபையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்குப் படிக்கவே தெரியாதா?"

"தெரியாது சார்."

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறீங்க. போர்டு எல்லாம்?"

"பட்த்த பாத்து தெரியும் சார். கலரு தெரியும்."

"புதுசா ஒரு போர்டு வெச்சா?"

பொன்ராஜ் மேசைமேல் இருந்த டேபைப் பார்த்தார்.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. மேல பேசிட்டுச் சொல்றேன்," என்றார் ஆபீசர்.

மேலே என்ன பேசினார்களோ, மறுவாரம் பொன்ராஜிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். டேப் படித்துச் சொல்லுமா என்பதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கன்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் கூட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். இருபது வயதுப் பையன்கள் செய்யும் வேலை. முதல் நாளே உள்ளங்கை கிழிந்தது. லியாகத் அலி காண்டிராக்டரிடம் போய்ப் பேசினார். முன்பு பொன்ராஜின் தாளில் டிக் போட்டது யார் என்று காண்டிராக்டர் திருப்பிக் கேட்டதும், பேச்சு அத்தோடு நின்றது.

வீட்டில் பொன்ராஜ், முதுகு வலிப்பதால் வேலையை மாற்றிக் கேட்டதாகச் சொன்னார். கட்டுப் போட்ட கையைப் பார்த்த குணசுந்தரி நம்பவில்லை. எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அவளிடம் வாங்க வந்த லியாகத்தின் மனைவி காத்தூன் பீவிதான் நடந்ததைச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து குணசுந்தரி அதைக் கேட்டபோது பவானி பக்கத்தில் இருந்தாள்.

"என்னாலயா நைனா?"

"உன்னால இல்ல. வாய வெச்சிகினு சும்மா இல்லாம நானேதான் கேட்டேன்."

பவானி பத்தாம் வகுப்பில் தேறினாள். நல்ல மதிப்பெண் என்று சொல்ல முடியாது. கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினாள். தேறிய அன்று குணசுந்தரி கேசரி கிளறினாள். பவானி ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, இந்தப் போன்ல உனுக்கும் தினம் பேப்பர் போட்டுத் தரட்டா? தானா படிக்கும். நீ சும்மா கேட்டா போதும்."

அவள் அன்றைய நாளிதழின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அவர் காதில் கருவியை மாட்டினாள். அவர் கேட்டார். இரண்டு மூன்று வரி போயிருக்கும். கருவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"போதும்மா."

"நல்லாக் கேக்கலயா?"

"கேக்குது. நல்லாத்தான் கேக்குது. எனுக்கு வாணாம். நீ படி."

அதன் பிறகு அவள் வற்புறுத்தவில்லை.

பிளஸ் ஒன்னுக்குத் திருவொற்றியூரில் வேறு பள்ளி. ரேச்சலை வேறு ஒன்றியத்துக்கு மாற்றியிருந்தார்கள். புதிய பள்ளியில் முதல் வாரமே பவானியின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வகுப்பில் போன் கூடாது, ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். பவானி வீட்டில் அதைச் சொல்லவில்லை. மறுபடி அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்துக் குணசுந்தரிதான் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை பொன்ராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பாமல் மகளோடு பஸ் ஏறினார். தலைமையாசிரியை அறைக்கு வெளியே வெகுநேரம் நின்றார்கள். உள்ளே கூப்பிட்டதும் அவர் உட்காரவில்லை.

"எம் பொண்ணுக்கு எழுத்து பிடிபடாது மேடம். அந்த போன்தான் அதுக்குப் பட்ச்சி சொல்லுது. டாக்டர் குட்த்த பேப்பர் கீது. எனுக்கும் இதே கதிதான். என் காலத்துல ஒண்ணும் இல்ல, யார்டுல வாயத் தொறந்து கேட்டேன், வண்டியப் பிடுங்கிகினாங்க. அத்தோட கேக்கறத வுட்டுடலாம்னு பார்த்தேன். இவளுக்காகத்தான் வந்துகீறேன்."

தலைமையாசிரியை சான்றிதழைப் பார்த்தார். பவானியைப் பார்த்தார். சிம் இல்லாமல், கடைசி பெஞ்சில், காதுக்கருவியோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். வேறு புகார் வந்தால் அனுமதியை எடுத்துவிடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பீரோவைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார்கள். பவானி அதை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்திருந்தது.

பொன்ராஜ் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டது. லேட்டாக வந்தவர்களைக் காண்டிராக்டர் வந்து பார்க்கும்வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பது வழக்கம். லாரிகள் கிளப்பிய புழுதியில், சாப்பாட்டுத் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, அவர் காண்டிராக்டருக்காகக் காத்து நின்றார்.