அக்கா வீட்டுக்குப் போன ஒயர்

என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. வரக்கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். அவருடைய தம்பியைக் கட்டிக்கொள்ள மாட்டேன், எனக்குப் பிடித்தவரைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னதற்குத் தண்டனை அது. என்னைத் தண்டிக்க அவருக்கு வழியில்லை, அதனால் அக்காவைத் தண்டித்தார். எங்கள் வீட்டு வாசல்படியை மிதித்தால் அப்படியே அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்று சட்டம் போட்டார்.

கூத்து என்னவென்றால், இரண்டு வீடும் ஒரே வரிசை. மலேசியாவில், பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, லயத்து வீடுகளில் இருந்த பலர் ஈப்போவுக்கு வெளியே ஒரு பலகை வீட்டு வரிசைக்குக் குடிவந்தோம். இந்தக் கோடியில் அம்மாவும் நானும், அந்தக் கோடியில் அக்கா குடும்பம். எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, முன்னால் ஒரே அஞ்சடி நடைபாதை. அக்கா தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்தில் என்னை இடுப்பில் வைத்துச் சுமந்து வளர்த்தவள் அவள். அவள் மட்டும் வரமுடியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு நலங்கு வைத்தார்கள். எங்கள் பக்கம் சுமங்கலிகள் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். நாலு பேர் வைத்து முடித்தார்கள். ஐந்தாவதாக வைக்க வேண்டியவள் அக்கா. அம்மா வேறொருத்தியைக் கூப்பிடப் போனாள். வேண்டாம், அந்த இடம் அப்படியே கிடக்கட்டும் என்றேன். ஆகாது, குடும்பத்துக்கு நல்லதில்லை என்று அம்மா அழுதாள். ஆகாவிட்டால் போகட்டும் என்றேன். வந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீடியோக்காரர் மட்டும் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த டேப் கைக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அக்கா வரக்கூடாது, சரி. கல்யாணம் அவள் வீட்டுக்குப் போகும்.

நான் அப்போது எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கிற வேலையில் இருந்தேன். எண்பதுகளில் எங்கள் வரிசையில் பாதிப் பெண்கள் அந்த வேலைக்குத்தான் போனோம். பழைய வீடியோ டெக் ஒன்றை நானும் வீட்டுக்காரரும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். டெக்கிலிருந்து டிவிக்குப் போகிற ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒரு பூஸ்டர் வைத்து, இன்னொரு கிளையை எவ்வளவு தூரமும் இழுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அத்தான் தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக் குலை லாரி ஓட்டிக்கொண்டு போயிருந்த ஒரு காலையில் ஏணியைப் போட்டேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று வரிசையே அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நேரம். பெண்சாதி கூரையில், மாப்பிள்ளை தரையில் என்று அன்றைக்கு இன்னொன்றும் சேர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். இதற்காகத்தான் அவரைக் கட்டினேன்.

ஒயர் யார் கண்ணிலும் படக்கூடாது. அதனால் எல்லோரும் ஆன்டெனாவுக்குப் போடுகிற அதே தட்டை ஒயரை வாங்கி, எல்லோருடைய ஆன்டெனா ஒயரும் ஓடுகிற அதே உத்தரத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தோடு கூட்டமாக அது அக்கா வீட்டுச் சமையலறைச் சன்னல் வழியாக உள்ளே போனது. டிவியை எந்த நம்பரில் திருகிப் பார்க்க வேண்டும் என்பதை அக்காவுக்கு மட்டும் சொன்னேன். இப்போது என் மகன் வீட்டில் ஒரு பெட்டியை வைத்து, படமெல்லாம் அதில் போட்டு, கடவுச்சொல் கொடுத்து, குடும்பத்து ஆட்கள் மட்டும் பார்க்கலாம் என்று பெருமை பேசுகிறான். எனக்கு அன்றைக்கு அந்த நம்பர்தான் கடவுச்சொல்.

மத்தியானம் டேப்பைப் போட்டேன். அம்மா பின்பக்கம் போய்த் தகர வாளியைத் தட்டினாள். அக்காவும் அவள் பக்கத்தில் வாளியைத் தட்டினாள். படம் வருகிறது என்று அர்த்தம். நான் அழுதேன்.

படத்தில் நலங்கு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அஞ்சடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை ஒயருக்குக் கம்பிவலை மேலுறை கிடையாது. பக்கத்தில் ஒட்டி ஓடுகிற ஒயருக்குள் தன் படத்தைக் கசியவிட்டுக்கொண்டே போகும். தினமும் இதே வேலை செய்கிறவள், ஒளிக்கிற அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். மத்தியானத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று நம்பரைத் திருகிப் பார்த்த நாலு வீட்டு டிவியிலும் நான் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தானும் லாரியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி வஞ்சகம் இல்லாதவள். வாசலில் நின்று வாழ்த்தே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஒங்க கொழுந்தியா கல்யாணம் எங்க டிவியில ஓடுதுலா. பொண்ணு லட்சணமா இருக்கு."

அவர் வீட்டுக்குள் போனாராம். அக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். நேராகச் சன்னலுக்குப் போய்ப் பாராங் கத்தியை எடுத்து ஒரே வெட்டு. மூன்றாவது சுமங்கலி என் கன்னத்தில் சந்தனம் வைக்கக் கையை நீட்டியபோது அக்காவின் டிவி வெறும் புள்ளியாகப் போயிற்றாம்.

எங்கள் வீட்டில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால், அஞ்சடியில் அக்கா வருகிறாள். பின்பக்கமாக இல்லை, சந்து வழியாக இல்லை. பட்டப்பகலில், வரிசையே வாசலில் நின்று பார்க்க, தலை முடியைக்கூட முடியாமல் நடந்து வருகிறாள். பின்னால் அத்தான், பாராங் கத்தியைக் கீழே வைக்க மறந்து. எங்கள் படிக்கட்டருகில் அவர் நின்றுவிட்டார். அக்கா நிற்கவில்லை. ஏறி உள்ளே வந்து, திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நான் பாட்டுக்கு ஒங்க வீட்டுலயே ஒக்காந்து பாத்திருப்பேன். நீங்கதான் வெட்டுனீங்க."

அவர் அங்கேயே நின்றார். அக்கா தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து போடச் சொன்னாள். போட்டேன். நாலு பேர் வைத்து முடித்தார்கள். அம்மா ஆள் தேடி ஓடுவதும், நான் தலையை ஆட்டி மறுப்பதும், என் பக்கத்தில் அவளுக்குப் போட்ட மணை காலியாகக் கிடப்பதும் வந்தது. அதுவரை அது அக்காவுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அம்மா பதறினாள். கல்யாணம் முடிந்து புருசனோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு எந்த ஊரில் நலங்கு வைப்பார்கள் என்று கேட்டாள்.

"இந்த ஊர்ல வைப்பாங்க," என்றாள் அக்கா.

வாசலில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து கன்னத்தைக் காட்டினேன்.